பேரீச்சைக் கன்றும் கறையானும்: செங்குன்றம் பக்கத் தோட்டத்து அனுபவம்

பேரீச்சையில் கறையான் ஏறிவிட்டது என்றால் எல்லோருடைய கண்ணும் தண்டுக்குத்தான் போகும். தரையிலிருந்து ஆள் உயரத்துக்கு மண் பூசியிருக்கும், பார்த்தாலே பகீரென்று இருக்கும். உடனே மருந்துக் கடைக்கு ஓடுவோம். ஆனால் எங்கள் தோட்டத்திலும் சுற்று வட்டாரத்திலும் நான் பார்த்தவரை, மண் பூச்சு ஏறிய பெரிய மரங்கள் பாட்டுக்குக் குலை தள்ளிக்கொண்டுதான் இருக்கின்றன. செத்துப்போகிறவை பக்கத்தில் முழங்கால் உயரத்தில் நிற்கிற இளம் கன்றுகள். அவற்றில் வெளியே மண் பூச்சு எதுவுமே தெரியாது. இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் கறையானைக் கையாளும் முறையே மாறிவிடும். அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத் தோட்டம் சென்னையின் வடக்கு ஓரத்தில், செங்குன்றம் தாண்டி இருக்கிறது. சரளை கலந்த செம்மண். மழைக்காலத்தில் தண்ணீர் சீக்கிரம் இறங்கிவிடும், மாசி பிறந்தால் கட்டாந்தரை. கறையானுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. வைத்திருப்பது ஆய்வகத்தில் திசு வளர்ப்பு முறையில் உருவாக்கிய பர்ஹி. ஈராக்கின் பஸ்ரா பக்கத்து ரகம். மஞ்சளாகத் திரண்டு, கடித்தால் மொறுமொறுவென்று இருக்கும் பருவத்திலேயே சாப்பிடலாம். மரத்திலேயே காய்ந்து பழமாகும்வரை காத்திருக்க வேண்டாம் என்பதால்தான் நம்ம ஊருக்கு ஒத்துவருகிறது. ஐப்பசி மழை பிடிப்பதற்குள் அறுவடை முடிந்துவிடும். தர்மபுரியில் வழி காட்டினார்கள், இப்போது சென்னையைச் சுற்றியும் அங்கங்கே வைக்கிறார்கள். எட்டு மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு 60 சொச்சம் கன்று பிடிக்கும். ஒவ்வொரு கன்றும் ஆயிரக்கணக்கில் விலை. காய்ப்புக்கு வர மூன்று, நான்கு வருடம் ஆகும். அதனால் நட்ட முதல் இரண்டு வருடத்தில் ஒரு கன்று போனாலும் வயிறு எரியும்.

கறையான் ஏன் கன்றைக் கொல்கிறது, மரத்தை விட்டுவிடுகிறது? பேரீச்சை பனை, தென்னை வகையறா. மா, வேம்பு மாதிரி அதற்குப் பட்டை கிடையாது. காயம் பட்டால் மூடி வளர்வதும் கிடையாது. உயிர் முழுக்க உச்சியில் இருக்கும் ஒரே ஒரு குருத்தில்தான். வளர்ந்த மரத்தில் அந்தக் குருத்து எட்டாத உயரத்துக்குப் போய்விடுகிறது. கீழே தண்டின் வெளிப்புறம் முழுக்கக் காய்ந்த மட்டை அடியும் பன்னாடையும்தான். கறையானுக்கு வேண்டியது காய்ந்த நார், அதைத் தின்றுவிட்டுப் போகட்டும். கன்றிலோ குருத்து தரை மட்டத்திலேயே இருக்கிறது. வெளி மட்டையை அரித்துக்கொண்டு உள்ளே வரும் கறையானுக்கும் குருத்துக்கும் நடுவே நான்கு விரற்கடைகூட இருக்காது. அந்தக் கழுத்துப் பகுதி போனால் கன்று போயிற்று.

அறிகுறி எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். முதலில் வெளி ஓலைகள் நுனியிலிருந்து மஞ்சளாகும். இதைத் தண்ணீர்க் குறைவு என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள், அதில் தப்பில்லை, கிட்டத்தட்ட அப்படியேதான் தெரியும். வித்தியாசம் சாயங்காலம் தெரியும். வெயிலுக்கு வாடிய கன்று, தண்ணீர் விட்டால் மறுநாள் காலையில் நிமிர்ந்துவிடும். கறையான் பிடித்த கன்று நிமிராது. அடுத்து நடு ஓலையின் பளபளப்பு போகும். அந்தக் கட்டத்தில் மெல்ல இழுத்தால் நடு ஓலை கையோடு வந்துவிடும். அதற்கு அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் வெளி ஓலை மஞ்சளாகும்போதே குனிந்துவிட வேண்டும்.

குனிந்து என்ன பார்ப்பது? கன்றின் அடியில் மண்ணைக் கையாலேயே ஒரு சாண் ஆழத்துக்கு மெதுவாக விலக்குங்கள். மண்வெட்டி வேண்டாம், வேர் அறுபடும். நல்ல கன்றில் வெளிர் நிற வேர்கள் விறைப்பாக இருக்கும், மட்டையின் அடி ஈரப்பசையோடு பச்சை வாடை அடிக்கும். கறையான் பட்ட கன்றில் மட்டைக்கும் மண்ணுக்கும் நடுவே மெல்லிய மண் ஏடு ஒன்று ஒட்டியிருக்கும். விரலால் அழுத்தினால் அப்பளம் மாதிரி நொறுங்கும். வெளியே காய்ந்திருந்தாலும் உள்பக்கம் ஈரமாக இருக்கும். உடைத்த அடுத்த நொடி வெளிறிய உடம்புக்காரக் கறையான்கள் வெளிச்சம் தாங்காமல் சிதறும். நடுவே பழுப்புத் தலையோடு சில மட்டும் ஓடாமல் நின்று தாடையைத் திறந்து மூடும். அவை காவலுக்கு இருப்பவை. மட்டையைத் தின்பவை அந்த வெளிறியவைதான். மட்டையின் உட்பக்கத்தைத் தடவினால் நார் போய், அந்த இடத்தை மண்ணால் அடைத்து வைத்திருப்பது விரலில் தெரியும்.

மண் பூச்சு இருக்கிறது, ஆனால் உள்ளே பூச்சி தென்படவில்லை என்றால்? எங்கள் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் சொன்ன வழி இது: "தம்பி, பூச்ச ரவ ஒடச்சி வுட்டுட்டு நாளைக்கு வந்து பாரு. மறுக்கா கட்டிக்கினு இருந்தா உள்ள ஆளு கீது. அப்படியே கெடந்தா எப்பவோ காலி பண்ணிக்கினு பூட்ச்சின்னு அர்த்தம்." இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. கறையான் நடமாடும் பாதை உடைந்தால் ஒரே இரவில் ஈரமண் வைத்து அடைத்துவிடும். பழைய, காலியான பூச்சுக்கு மருந்து ஊற்றிப் பணத்தை விரயம் செய்கிறவர்கள் ஏராளம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கறையானையும் சிவப்புக் கூன்வண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கூன்வண்டு தென்னையைக் கொல்வது நமக்குத் தெரியும், பேரீச்சைக்கும் உலகம் முழுக்க அதுதான் முதல் எதிரி. அது துளைத்த மரத்தில் பழுப்பு நிறத் திரவம் வழியும், புளித்த நாற்றம் அடிக்கும், மென்று துப்பிய ஈர நார் துளையிலிருந்து பிதுங்கும். கறையானில் நாற்றமே இருக்காது. மண், காய்ந்த நார், அவ்வளவுதான். தண்டில் கறையான் மண் பூச்சைச் சுரண்டும்போது அடியில் ஈரமாகக் கசியும் துளை தெரிந்தால் கறையானை விட்டுவிட்டு வண்டைப் பாருங்கள். வண்டு விஷயத்தில் ஒரு வாரத் தாமதம்கூடப் பெரிய மரத்தைக் கொண்டுபோய்விடும்.

சரி, கறையான் கன்றைத் தேடி ஏன் வருகிறது? பெரும்பாலும் அது கன்றைத் தேடி வருவதில்லை. கன்றுக்குப் பக்கத்தில் நாம் வைத்த வேறு எதையோ தேடி வருகிறது. வந்த இடத்தில் கன்றையும் பார்க்கிறது.

முதல் குற்றவாளி எரு. சென்னை ஓரத்தில் டிராக்டர் லோடு கணக்கில் விற்கும் எருவில் பாதி காய்ந்த வறட்டிக் கட்டியும் வைக்கோலும்தான். மூன்றடிக் குழியில் அதைக் கொட்டிக் கன்றை நட்டால் கறையானுக்கு விருந்து வைத்து நடுவில் கன்றை உட்கார வைத்த மாதிரிதான். எருவைக் கையில் எடுத்து மோந்து பாருங்கள். சாண வாடை அடிக்கக் கூடாது, வைக்கோல் துண்டு தெரியக் கூடாது, குவியலுக்குள் கைவிட்டால் சூடு இருக்கக் கூடாது. பிசைந்தால் உதிரியாக உதிர வேண்டும். அப்படி இல்லையென்றால் நிழலில் குவித்து, ஈரம் காயாமல், அவ்வப்போது புரட்டிவிட்டு மூன்று நான்கு மாதம் மக்கவிட வேண்டும். நாங்கள் குழிக்கு ஒரு கிலோ வேப்பம் புண்ணாக்கும் கலக்கிறோம். புண்ணாக்கில் கலப்படம் அதிகம். ஒரு சிட்டிகை நாக்கில் வைத்தால் கசப்பு தொண்டைவரை இறங்க வேண்டும், இல்லையென்றால் வாங்காதீர்கள்.

இரண்டாவது சவுக்குக் கம்பு. இதை யாரும் சந்தேகப்படுவதே இல்லை. 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்ததிலிருந்து சென்னையைச் சுற்றி எந்தக் கன்று நட்டாலும் பக்கத்தில் சவுக்குக் கம்பு ஊன்றிக் கட்டிவிடுகிறார்கள். காற்றுக்கு அது நல்லதுதான். ஆனால் மண்ணுக்குள் இரண்டடி இறங்கிய காய்ந்த சவுக்கு, கறையானுக்குக் கன்றின் இடுப்புவரை போட்டுக்கொடுத்த ஏணி. பக்கத்துத் தோட்டத்தில் காய்ந்துபோன கன்றுகளைத் தோண்டிப் பார்த்தபோது கம்பின் அடிப்பாகம் ஈர்க்குச்சி கனத்துக்குத் தேய்ந்திருந்தது, கயிறு கட்டிய இடத்தில்தான் மட்டைக்கு மண் தாவியிருந்தது. இப்போது நாங்கள் பழைய இரும்புக் குழாய்தான் ஊன்றுகிறோம். குழாய் கிடைக்காத இடத்தில் கருங்கல் கால். கன்று பிடித்துக்கொண்டதும் முட்டுக்கொடுத்ததை எடுத்துவிட வேண்டும்.

மூன்றாவது நம் கையில் இல்லாதது. சுற்றிலும் மனை போட்டு வீடு கட்டுகிறார்கள். வேலை முடிந்ததும் உடைந்த சென்ட்ரிங் பலகை, சாரக் கம்பு, அட்டைப் பெட்டி எல்லாவற்றையும் இடிபாட்டு மண்ணோடு சேர்த்துக் காலி மனையில் தள்ளி மூடிவிடுகிறார்கள். மண்ணுக்குள் புதைந்த ஈரப் பலகை வருடக்கணக்கில் கறையானுக்குச் சோறு போடும். வேலிக்கு அந்தப் பக்கம் அப்படி ஒரு மேடு இருந்தால் வேலியோரக் கன்றுகளைத்தான் வாரம் தவறாமல் பார்க்க வேண்டும். வீட்டுக்காரரிடம் பேசிப் பலகையை எடுக்கச் சொல்வதும் வீண்போகாது. அவர் வீட்டுக் கதவு நிலைக்கும் அதே கறையான்தானே வரப்போகிறது.

மூடாக்கு, அதாவது சருகும் ஓலையும் பரப்பி மண்ணை மூடி வைப்பது பற்றி இயற்கை விவசாய நண்பர்களோடு நிறைய வாதாடியிருக்கிறேன். மூடாக்கு போட்டால் கறையான் வரும், அதனால் தரையைத் துடைத்து வைக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. செம்மண் தோட்டத்தில் மூடாக்கு இல்லாமல் சித்திரை வெயிலைக் கன்று தாண்டாது. தரையில் தின்ன எதுவுமே இல்லையென்றால் பசித்த கறையானுக்கு மிச்சம் இருப்பது கன்று மட்டும்தான். மூடாக்கு போடுங்கள், ஆனால் கன்றின் கழுத்திலிருந்து ஒன்றரை அடி தள்ளி, வட்டமாக. கழுத்தைச் சுற்றி வெறும் மண் தெரிய வேண்டும். கறையான் வெளிச்சத்தில், காய்ந்த திறந்த மண்ணில் நடக்காது. கடக்க வேண்டுமென்றால் மண்குழாய் கட்டித்தான் வரும். அந்த வெறும் வட்டத்தில் குழாய் கட்டினால் நம் கண்ணில் பட்டுவிடும். நடும்போதும் கிழங்கு மாதிரிப் பருத்த அடிப்பாகம் தரை மட்டத்தில் நிற்க வேண்டும். ஆழமாகப் புதைத்தால் குருத்தில் தண்ணீர் தேங்கி அழுகும், கறையானுக்கும் வேலை சுலபம்.

தண்ணீர் விஷயம் எளிது, ஆனால் அதில்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். பேரீச்சை பாலைவன மரம், தண்ணீரே வேண்டாம் என்ற நினைப்பு இங்கே ஆழமாக இருக்கிறது. அரபு நாடுகளில் அதைப் பற்றிச் சொல்வதே கால் தண்ணீரில், தலை நெருப்பில் என்றுதான். பாலைவனத்திலும் அது ஊற்றங்கரையில் வளர்கிற மரம். பங்குனியிலிருந்து கத்திரி முடியும்வரை கன்றுக்குத் தண்ணீர் தவறக் கூடாது. தாகத்தில் தளர்ந்த கன்றைத்தான் கறையான் முதலில் பிடிக்கிறது. தழைத்து நிற்கும் கன்றில் அது வெளி மட்டையோடு நின்றுவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். சொட்டு நீர்க் குழாயைக் கழுத்தில் சொட்ட விடாமல் ஒரு அடி தள்ளி இரண்டு பக்கமும் வையுங்கள், வேர் தண்ணீரைத் தேடிப் பரவும்.

தோட்டத்தில் எந்த மூலையில் கறையான் அதிகம் என்று கண்டுபிடிக்க எங்களுக்கு உதவியது ஒரு பழைய கோழி வளர்ப்பு முறை. கோழிக்குஞ்சுக்குத் தீனியாகக் கறையான் பிடிக்கிற பானை. உடைந்த மண்பானைக்குள் கிழிந்த கோணி, காய்ந்த சாணம், ஓலைத் துண்டு எல்லாம் திணித்து, தண்ணீர் தெளித்து, சாயங்காலம் தரையில் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். விடியற்காலையில் வெயில் ஏறுவதற்கு முன் திருப்பினால் உள்ளே கறையான் மொய்த்திருக்கும். அப்படியே கொண்டுபோய்க் குஞ்சுகளுக்கு உதறலாம். அவை தின்கிற வேகத்தைப் பார்க்க வேண்டும். தோட்டத்து அக்கா இதைத் தன் கோழிகளுக்காகச் செய்துகொண்டிருந்தார். அதையே நான்கு மூலைக்கும் நடுவுக்கும் வைக்கச் சொன்னேன். எந்தப் பானை நிறைகிறது, எது காலியாக இருக்கிறது என்று பார்த்தால் தோட்டத்தின் கறையான் வரைபடம் கிடைத்துவிடுகிறது. பானை புற்றை ஒழிக்காது. ராணி உள்ளே ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுக்கொண்டேதான் இருக்கும். ஆனால் எந்தக் கன்றுகளைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். பகலில் கோழிகளைக் கன்றுகளுக்கு நடுவே மேயவிடுவதும் நல்லதுதான், கழுத்து மண்ணை மட்டும் கிளறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

புற்றைத் தோண்டி ராணியை எடுத்துவிட்டால் முடிந்தது என்பார்கள். கண்ணுக்குத் தெரியும் புற்று என்றால் செய்யலாம். ராணி தரை மட்டத்தை ஒட்டி, கெட்டியான களிமண் அறைக்குள் இருக்கும். போகிற வழியில் துளைதுளையான சாம்பல் நிறக் கட்டிகள் வரும், அவை கறையான் வளர்க்கும் பூஞ்சைத் தோட்டம். காய்ந்த நாரை மென்று அதில் சேர்த்து, பூஞ்சை பதப்படுத்திக் கொடுப்பதைத்தான் அது தின்கிறது. மழை விட்டதும் புற்றுக்காளான் பூப்பது இதிலிருந்துதான். ஆனால் செம்மண்ணில் பாதிக்கு மேல் புற்று வெளியே தெரியாமல் தரைக்குள்ளேயே கிடக்கும், சிலவற்றில் ஒன்றுக்கு மேல் ராணி இருக்கும். ஊரையே தோண்ட முடியாது.

எங்கள் தோட்டத்து வடகிழக்கு மூலையில் ஒரு பெரிய புற்று இருக்கிறது. ஆடி மாதம் அக்கம்பக்கத்துப் பெண்கள் மஞ்சள் குங்குமம் வைத்துப் பால் ஊற்றிவிட்டுப் போவார்கள். திருவொற்றியூர் சிவன் கோயிலில் மூலவரே புற்று மண் லிங்கம். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள்தான் கவசம் திறந்து காட்டுவார்கள். அந்தப் பக்கத்து மனிதர்களிடம் புற்றை இடித்துவிடுகிறேன் என்று சொல்ல மனசு வரவில்லை, தேவையும் இல்லை. அதைச் சுற்றி ஒரு மர இடைவெளி விட்டுவிட்டோம். கழித்த ஓலையில் கொஞ்சத்தை அதன் பக்கத்திலேயே போடுகிறோம், அதன் கறையான் அங்கேயே தின்கிறது. அந்த மூலைக் கன்றுகளை மட்டும் அடிக்கடி குனிந்து பார்க்கிறோம்.

மருந்து பற்றி. ஒரு காலத்தில் கறையானுக்கு ஆல்ட்ரின், குளோர்டேன், ஹெப்டாகுளோர் என்று ஊற்றித் தள்ளினார்கள். மண்ணில் வருடக்கணக்கில் தங்கி, பால்வரை போய்ச் சேர்ந்த நஞ்சுகள். மக்காமல் தங்கும் நஞ்சுகளை ஒழிக்க 2001-இல் உலக நாடுகள் செய்துகொண்ட ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் முதல் பட்டியலிலேயே இவை இருந்தன, இந்தியாவிலும் தடை. அதற்குப் பிறகு எல்லாக் கடையிலும் குளோர்பைரிபாஸ். 2025-இல் அதுவும், சில விலக்குகளோடு, அதே பட்டியலுக்குள் வந்துவிட்டது. இதை நான் இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. செங்குன்றம் ஏரித் தண்ணீரைத்தான் சென்னை குடிக்கிறது. சுற்றியுள்ள கிணறுகளிலிருந்து லாரி லாரியாகத் தண்ணீர் நகரத்துக்குப் போகிறது. இங்கே தோட்டம் முழுக்க ஊற்றுகிற எதுவும் யாரோ ஒருவர் வீட்டுக் குடத்தில் போய் முடியும். பர்ஹி வேறு தோலோடு கடித்துச் சாப்பிடுகிற பழம். கறையான் உயிரோடு இருப்பது உறுதியான இளம் கன்றுக்கு மட்டும், கழுத்தைச் சுற்றி, புட்டியில் அச்சிட்ட அளவு தாண்டாமல், காய்க்கத் தொடங்காத வயதில் மட்டும் என்றால் புரிந்துகொள்ள முடிகிறது. காய்க்கிற மரத்தின் தண்டில் மருந்து அடிப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. துடைப்பத்தால் பூச்சைத் தட்டிவிட்டால் போதும்.

நாங்கள் நம்புவது பூச்சிகளைத் தொற்றிக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சையை. நன்கு மக்கிய எருவில் கலந்து, ஈரப்படுத்தி, வெயில் இறங்கிய பிறகு கன்றைச் சுற்றி மண்ணோடு கிளறிவிட வேண்டும். வெயில் பட்டால் பூஞ்சை செத்துவிடும். கறையான்கள் ஒன்றையொன்று நக்கிச் சுத்தம் செய்பவை என்பதால் கொஞ்சம் பரவும், அதே பழக்கத்தால் அவை பூஞ்சையைத் துடைத்தெறிந்தும் விடும். அதனால் ஒரே தடவையில் பலன் எதிர்பார்க்காதீர்கள். ஐப்பசி மழை ஓய்ந்து தரை ஈரமாக இருக்கும் மார்கழி, தை நல்ல சமயம். எருக்குழியிலேயே கலந்துவிட்டால் காண்டாமிருக வண்டின் புழுவுக்கும் அதுவே மருந்து, தென்னை வைத்திருப்பவர்களுக்கு இரட்டை லாபம்.

பெரிய மரத்தைக் கண்டுகொள்ளவே வேண்டாமா என்றால், ஒரு வேலை இருக்கிறது. வருடத்துக்கு ஒரு தடவை, புயல் காலத்துக்கு முன்னால், தண்டின் அடிப்பகுதியைக் கட்டையால் தட்டிப் பாருங்கள். கெட்டியான மரம் கணீரென்று இருக்காது, மந்தமாகக் கனத்த சத்தம் வரும். உள்ளே அரித்துக் குடைந்திருந்தால் வெற்றுச் சத்தம் கேட்கும், அந்த மரம் காற்றில் சாயும். ஈராக்கிலும் ஈரானின் கூசிஸ்தானிலும் பேரீச்சையைத் தின்கிற கறையான் வேறு இனம், அங்கே தண்டுக்கு உள்ளேயே போய்விடுகிறது. இங்கே அந்த நிலைமை குறைவு. பக்கக் கன்றைப் பிரித்தெடுத்த வெட்டுக்காயத்தை மட்டும் திறந்து விடாதீர்கள், அங்கிருந்துதான் உள்ளே நுழையும். உலர்ந்ததும் மண் அணைத்துவிடுங்கள், அதில் வேப்பம் புண்ணாக்கு கலந்திருக்கட்டும். வெட்டிய ஓலையை மரத்தடியிலேயே குவிக்காமல் அரைத்துக் குப்பைக்குழிக்கு அனுப்புங்கள்.

சந்தேகம் தீரவில்லையென்றால் கறையானையே பிடித்துக்கொண்டு போங்கள். சின்னப் புட்டியில் கொஞ்சம் சானிடைசர் ஊற்றி, வெளிறியவையும் பழுப்புத் தலைக்காரர்களும் கலந்து போட்டு மூடினால் கெடாது. பழுப்புத் தலை கட்டாயம் இருக்க வேண்டும், எந்த இனம் என்பதை அதை வைத்துத்தான் சொல்வார்கள். செங்கல்பட்டுப் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையம், எங்களைப் போலத் திருவள்ளூர் பக்கத்தவர்களுக்குத் திரூர். கன்றின் கழுத்து மண்ணிலும் ஒரு கைப்பிடி எடுத்துப் போங்கள். செல்போன் படத்தைக் காட்டிக் கேட்டால் பாதிப் பதில்தான் கிடைக்கும்.